வெள்ளாட்டுப் பால் கறக்கும் இயந்திரம்: உபயோகமும் துப்புரவும்

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் மழை பொய்த்த ஆண்டுகளிலும் குடியானவர் வீட்டு அடுப்பு அணையாமல் காத்து வந்தது கறவைத் தொழிலாகும். நிலக்கடலை தவறினாலும் பால் பணம் தவறுவதில்லை என்பது அப்பகுதியினர் அனுபவத்தில் கண்டறிந்த உண்மை. கலப்பினப் பசுக்கள் பெருகியதன் பின்னர், சக்கரம் பொருத்திய சிறிய கறவை இயந்திரங்களும் தொழுவங்களுக்கு வந்து சேர்ந்துள்ளன. இயந்திரம் ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால், அதே கொல்லையில் கட்டியிருக்கும் வெள்ளாடுகளையும் அதைக்கொண்டே கறந்தால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பு.

இக்கேள்விக்குக் களப்பணியாளர் ஒரு சொல்லில் விடை கூறிவிட இயலாது. இயந்திரம் வெள்ளாட்டுக்கும் ஏற்றதே. ஆனால் பசுவுக்கென அமைத்து வைத்த நிலையில் அன்று. அன்றியும், கழுவப்படாத இயந்திரத்தைவிடக் கழுவிய கை எத்தனையோ மடங்கு மேலானது. இவ்விரண்டு செய்திகளும் குடியானவருக்கு நன்கு விளங்குமாறு எடுத்துரைக்கப்பட வேண்டும். அவற்றுள் இரண்டாவதே பெரிதும் புறக்கணிக்கப்படுவதாகும்.

யாருக்கு இயந்திரம் தேவை?

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 14 கோடியே 89 லட்சம் வெள்ளாடுகள் இருந்தன. ஆந்திரப் பிரதேசத்தில் இருந்தவை ஏறத்தாழ 55 லட்சம். எனினும், நாட்டின் மொத்தப் பால் உற்பத்தியில் வெள்ளாட்டின் பங்கு நூற்றுக்கு மூன்று என்ற அளவிலேயே இருந்து வருகிறது. தென்னாட்டில் ஆடு வளர்ப்பது பெரும்பாலும் இறைச்சிக்காகவே என்பது இதற்கு ஒரு காரணம். குட்டி குடித்தது போக எஞ்சும் ஓர் ஆழாக்குப் பாலை வீட்டுக் குழந்தைக்கோ, காப்பிக்கோ கறந்துகொள்வதோடு அதன் பால் கணக்கு முடிந்துவிடும். அத்தகைய இரண்டு மூன்று ஆடுகளுக்காக இயந்திரம் வாங்குவது வீண் செலவு.

ஜமுனாபாரி, பீட்டல், பார்பாரி முதலிய வடநாட்டுக் கறவை இனங்களையோ அவற்றின் கலப்புகளையோ பாலுக்கென்றே வளர்ப்பவரின் நிலை வேறு. அங்கும் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தல் அவசியம். இயந்திரத்தை ஒவ்வொரு வேளையும் முறையாகக் கழுவி, வடியவிட்டு, மறுவேளைக்கு ஆயத்தம் செய்ய இருபது நிமிடமாவது செல்லும். ஆடு ஒன்றாயினும் இருபதாயினும் இந்நேரம் குறைவதில்லை. ஆகையால், பாலிலுள்ள ஆடுகள் பத்துக்குக் குறைவாக இருக்குமிடத்தில் இயந்திரத்தால் மிச்சமாகும் நேரம் துப்புரவிலேயே செலவாகிவிடும். விற்பனையாளர் இதைக் கூறமாட்டார். களப்பணியாளர் கூறுதல் வேண்டும்.

கைக்கறவையும் குற்றமற்றதன்று என்பதை இங்கே சேர்த்துச் சொல்லுதல் தகும். கட்டைவிரலை மடக்கி, அதன் கணுவால் காம்பை நெருக்கிக் கறக்கும் பழக்கம் நம் கிராமங்களில் பரவியுள்ளது. இது காம்பின் உட்புறச் சவ்வைப் புண்படுத்துவதாகும். விரல் வழுக்கும்பொருட்டுப் பால் நுரையையோ எச்சிலையோ தொட்டுக்கொள்வதும் நன்றன்று. முழுக் கையால் காம்பைப் பற்றி, மேலிருந்து கீழாக விரல்களை வரிசையாக மடக்கி, உலர்ந்த கையால் கறப்பதே முறை. இயந்திரம் வாங்க இயலாதவருக்கு இதைக் கற்பித்தாலே பெரும் பயன் உண்டு.

இயந்திரம் இயங்கும் விதம்

இளநீரைக் குழலால் உறிஞ்சும் சிறுவன் வாயினுள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறான். வெளிக்காற்றின் அழுத்தம் இளநீரை மேலே தள்ளுகிறது. கறவை இயந்திரமும் இதே தத்துவத்தின்படி இயங்குகிறது என்று ஆசிரியர்கள் மாணவருக்கு விளக்கலாம். மின்சாரப் பம்பு ஒன்று மூடிய பால் வாளியிலிருந்து காற்றை இழுத்துக் குறைந்த அழுத்தத்தை உண்டாக்குகிறது. இதனையே வெற்றிடம் என்பர். முற்றிலும் வெறுமையான இடம் என்பது இதன் பொருளன்று. வாளியிலிருந்து வரும் குழாய் இரண்டு கிண்ணங்களில் முடிகிறது. வெள்ளாட்டுக்குக் காம்பு இரண்டே ஆதலின் கிண்ணமும் இரண்டே.

ஒவ்வொரு கிண்ணமும் இரண்டு சுவர்களை உடையது. வெளிச்சுவர் எஃகாலோ கடின பிளாஸ்டிக்காலோ ஆனது. உட்சுவர் ரப்பரால் அல்லது சிலிக்கோனால் ஆன மெல்லிய உறை. லைனர் என்பது இதுவே. உறையின் உட்புறம் எப்போதும் உறிஞ்சும் நிலையில் உள்ளது. இரு சுவர்களுக்கும் இடைப்பட்ட வெளியிலோ, பல்சேட்டர் எனப்படும் துடிப்புக் கருவி ஒரு கணம் காற்றை இழுக்கிறது. மறுகணம் காற்றை உள்ளே விடுகிறது. காற்று இழுக்கப்படும்போது உறை விரிந்து பால் பாயும். காற்று புகும்போது உறை சுருங்கிக் காம்பைப் பிடித்துவிடும், பால் நிற்கும், காம்பில் தேங்கிய இரத்தம் மேலேறும்.

இந்தத் துடிப்பு இல்லாவிடில் நேர்வது யாது என்பதை வரலாறு காட்டுகிறது. 1889-இல் ஸ்காட்லாந்தில் வில்லியம் மர்ச்லாண்ட் அமைத்த இயந்திரம் இடைவிடாமல் உறிஞ்சும் வகையைச் சேர்ந்தது. இடைவிடாத உறிஞ்சலால் காம்பில் இரத்தம் கட்டி, கால்நடைகள் நோவுறும். 1895-இல் அலெக்சாண்டர் ஷீல்ஸ் அமைத்த இயந்திரத்தில் துடிப்பு முறை இடம்பெற்றது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் அலெக்சாண்டர் கில்லிஸ் இரட்டைச் சுவர்க் கிண்ணத்தை நடைமுறைக்குக் கொணர்ந்தார். இன்று சித்தூர்த் தொழுவத்தில் ஒலிக்கும் டக் டக் ஓசை அவர்கள் காலத்தில் தொடங்கியதே.

பசுவின் அளவு ஆட்டுக்கு ஆகாது

பசுவைக் கறக்கும்போது வெற்றிட அளவு பொதுவாக 42 முதல் 50 கிலோபாஸ்கல் வரை வைக்கப்படும். வெள்ளாட்டுக்கு ஏற்ற அளவு 37 முதல் 40 கிலோபாஸ்கல், அதாவது பாதரச அளவில் 11 முதல் 12 அங்குலம். துடிப்பு பசுவுக்கு நிமிடத்திற்கு 60 அளவில் இருக்க, ஆட்டுக்கு 70 முதல் 90 வரை இருத்தல் வேண்டும். உள்ளுறையும் ஆட்டுக் காம்பின் பருமனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஆகவே, பசுவுக்கு வாங்கிய இயந்திரத்தை ஆட்டுக்குப் பயன்படுத்த விரும்புவோர் ஆட்டுக்கென்றே கிண்ணத் தொகுதி ஒன்றைத் தனியே வாங்கி, சீராக்கும் வால்வைத் திருகி வெற்றிடத்தைக் குறைத்து, துடிப்பையும் மாற்றிய பின்னரே தொடங்கலாம். அளவுமானி பொருத்தப்படாத மலிவான இயந்திரங்களும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை வாங்குதல் தராசு இல்லாமல் பொன் வாங்குவது போன்றது.

வெற்றிடம் மிகுந்தால் காம்பின் நுனி வெளுத்து அல்லது கருஞ்சிவந்து வீங்கும். துளையைச் சுற்றி வளையம் போலத் தோல் தடிக்கும். பால் மறிந்து வராது, ஆடு உதைக்கும், கிண்ணம் அடிக்கடி மேலேறி மடியின் அடியை நெரிக்கும். நுனித் துளை சிதைந்துவிட்டால் கிருமிகள் மடிக்குள் புகும் வாயிற்கதவு திறந்தே கிடக்கும். ஒரு வேளை கறவையில் இவை தெரியாமற் போகலாம். சில வாரங்களில் மடிநோயாக வெளிப்படும். அப்போது குடியானவர் தீவனத்தையும் கண்ணேற்றையும் குறை கூறுவாரேயன்றி வால்வை ஐயுறமாட்டார்.

கறக்கும் முறை

ஆட்டை மேடையில் நிறுத்தி, சிறிது தீவனம் வைத்து, மடியையும் காம்பையும் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியாலும் துடைத்தல் வேண்டும். ஆடு ஒன்றுக்குத் துணி ஒன்று என்பது கண்டிப்பான விதி. ஒரே துணியால் பத்து ஆடுகளையும் துடைப்பது நோயைப் பந்தி வைத்துப் பரிமாறுவதற்கு ஒப்பாகும். முதற் பீச்சலை இரண்டு மூன்று முறை கருநிறக் கிண்ணத்தில் கறந்து பார்த்தால், திரி, கட்டி, நீர்த்தன்மை, இரத்தம் ஆகியவை எளிதில் தெரியும். அத்தகைய ஆட்டை இயந்திரத்தில் சேர்க்காமல் இறுதியில் கையால் கறந்து, அப்பாலை அகற்றிவிட வேண்டும்.

வெற்றிடத்தைத் திறந்து, குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டே கிண்ணங்களைக் காம்புகளில் மாட்டினால் காற்று வீணே உட்புகாது. ஆட்டின் மடியில் பாலின் பெரும்பகுதி அடித்தொட்டி போன்ற அறையில் சேர்ந்திருப்பதால், பசுவைப்போல் நெடுநேரம் தடவிச் சுரக்க வைக்கத் தேவையில்லை. இரண்டு மூன்று நிமிடங்களில் பெரும்பாலான ஆடுகள் வற்றிவிடும். கண்ணாடிக் குழாயில் பாய்ச்சல் மெலிந்ததும் கையை மடியில் வைத்து ஒருமுறை மெல்ல அழுத்திப் பார்த்து, வெற்றிடத்தை அடைத்துவிட்ட பின்னரே கிண்ணத்தைக் கழற்றுதல் வேண்டும். அடைக்காமல் இழுத்துப் பிடுங்குவதும், பால் நின்ற பிறகும் விட்டு வைப்பதும் காம்புக்கு ஒரே அளவில் தீங்கானவை. கழற்றியவுடன் 0.5 சதவிகித அயோடின் கரைசலில் காம்பு நுனியை நனைத்துவிட்டு, ஆட்டைச் சிறிது நேரம் படுக்காமல் நிற்கச் செய்யலாம். துளை மூடிக்கொள்ள அந்நேரம் உதவும்.

மின்சாரம் திடீரென நின்றுவிட்டால் கிண்ணம் தானே நழுவி சாணத்தின்மேல் விழக்கூடும். ஆதலால், நின்றவுடன் அதைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு எஞ்சியதைக் கையால் கறப்பதே நலம். கீழே விழுந்த கிண்ணத்தைக் கழுவாமல் அடுத்த ஆட்டுக்கு மாட்டக் கூடாது.

துப்புரவு

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். பாலில் கொழுப்பு, புரதம், சர்க்கரை, உப்புகள் நான்கும் உள்ளன. ஒரே நீரால் இவை நான்கும் போகா என்பதே துப்புரவின் சூட்சுமம். சர்க்கரை வெறும் நீரில் கரைந்துவிடும். கொழுப்புக்கு வெந்நீரும் காரமும் வேண்டும். புரதத்திற்கும் காரம் வேண்டும். ஆனால் முதலிலேயே கொதிநீரை ஊற்றினால் முட்டை வெந்து பாத்திரத்தில் ஒட்டுவதுபோல் அது ஒட்டிக்கொள்ளும். உப்புகளுக்கோ அமிலம் தேவை.

ஆகையால் வரிசை தவறக் கூடாது. கடைசி ஆட்டைக் கறந்து முடித்தவுடன், பால் காய்வதற்கு முன், 35 முதல் 40 டிகிரி வெப்பமுள்ள வெதுவெதுப்பான நீரை இயந்திரத்தின் வழியாகவே உறிஞ்சச் செய்து வெண்மை நீங்கும்வரை அலசுதல் வேண்டும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் கொழுப்பு குழாயில் படிந்துவிடும். அடுத்து, பால் உபகரணங்களுக்கென விற்கும் காரச் சுத்திகரிப்புத் தூளைக் கை பொறுக்காத அளவு, அதாவது 60 முதல் 70 டிகிரி வரை, சூடான நீரில் கரைத்து ஓட்டி, தூரிகையால் ஒவ்வொரு பாகத்தையும் தேய்க்க வேண்டும். கரைசல் வெளியேறும்போதும் 40 டிகிரிக்குக் கீழே இறங்காதிருத்தல் நன்று; இறங்கினால் கழன்ற கொழுப்பு மீண்டும் அமர்ந்துவிடும். வீட்டுத் துணி சோப்பு இவ்வேலைக்கு உதவாது. அதன் நுரை குழாயில் தங்கும். வாசனை பாலில் ஏறும். அலுமினிய வாளியாயின் காரம் அதை அரித்துவிடும் ஆதலால் துருப்பிடிக்காத எஃகு வாளியே ஏற்றது.

சித்தூர் வட்டாரத்தில் மூன்றாவதான அமிலக் கழுவலுக்குத் தனிச் சிறப்பு உண்டு. கருங்கல் பாறைகளின் இடுக்கிலிருந்து ஆழ்துளைக் கிணறுகள் தரும் நீர் பல ஊர்களில் கடின நீராக உள்ளது. அந்நீரில் சோப்பு நுரைப்பதில்லை. பருப்பு வேகத் தாமதமாகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்படிவு ஏறுகிறது. அப்படிவே கறவை இயந்திரத்தின் உட்புறத்திலும் பாலின் புரதத்தோடும் சுண்ணத்தோடும் சேர்ந்து பால்கல் என்னும் மஞ்சள் கலந்த வெண்படலமாக இறுகுகிறது. கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும், அதன் நுண்துளைகளில் கிருமிகள் குடியிருக்கும். எத்தனை மருந்து நீர் ஊற்றினும் அவற்றைத் தொடாது.

இதற்கு மாற்று நம் பாட்டிமார் அறிந்ததே. பித்தளைச் சொம்பைப் புளியிட்டுத் துலக்குவது எதனால்? புளியின் அமிலம் படிவைக் கரைப்பதால். இயந்திரக் குழாயில் புளிக்கரைசலை ஓட்ட வேண்டாம், நார் அடைத்துக்கொள்ளும். எலுமிச்சை உப்பு என விற்கும் சிட்ரிக் அமிலத்தை லிட்டருக்கு 10 கிராம் வீதம் கரைத்து ஓட்டலாம். அல்லது பால்பண்ணைகளுக்கென விற்கும் பாஸ்பாரிக் அமிலக் கரைசலைப் புட்டியில் குறித்த அளவுப்படி உபயோகிக்கலாம். மென்னீர் உள்ள ஊரில் வாரம் ஒருமுறை போதும். கடின நீர் உள்ள ஊரில் நாள்தோறும் செய்தாலும் மிகையாகாது. தன் கிணற்று நீர் எவ்வகை என அறிய விரும்புவோர், ஒரு புட்டியில் அந்நீரையும் மற்றொன்றில் மழைநீரையும் எடுத்து, சிறிதளவு சோப்புச் சீவலை இட்டு ஒரே அளவு குலுக்கிப் பார்க்கலாம். பள்ளியில் செய்து காட்ட இதைவிட எளிய சோதனை இல்லை.

பின்னர் நல்ல நீரால் அலசி, பாகங்களைக் கழற்றி, வாய் கீழ்நோக்கி நிழலில் தொங்கவிட வேண்டும். ஈரம் தேங்கிய குழாயில், திருப்பதியின் கோடை வெப்பத்தில், சாதகமான கிருமிகள் ஏறத்தாழ அரைமணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்பதை மாணவர் தாமே பெருக்கிப் பார்த்தால் வியப்படைவர்.

கிருமிநாசினி இடுவது மறுவேளை கறப்பதற்குச் சற்று முன்னரே. கறந்த கையோடு இட்டு இரவெல்லாம் ஊறவிடுவது ரப்பரையும் எஃகையும் கெடுப்பதாகும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் இருந்தால் போதும். 4 சதவிகித சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலாயின் 10 லிட்டர் நீருக்கு 50 மில்லிலிட்டர். புதிய பிளீச்சிங் பவுடரில் நூற்றுக்கு முப்பது பங்கு குளோரின் உண்டெனக் கொண்டால் 10 லிட்டருக்கு ஏறக்குறைய 7 கிராம். தெளிந்த நீரை மட்டும் இறுத்துக்கொள்ள வேண்டும். இத்தூளில் சுண்ணாம்பு இருப்பதால் கடின நீர் ஊர்களில் ஹைப்போகுளோரைட்டே சிறந்தது. திறந்து வைத்த தூளும் பழைய கரைசலும் வலுவிழந்தவை. எவ்வாறாயினும் குளோரினையும் அமிலத்தையும் ஒன்றாகக் கலத்தல் ஒருக்காலும் கூடாது. மூச்சைத் திணறடிக்கும் நச்சு வாயு எழும். இரண்டின் புட்டிகளும் ஒரே அலமாரியில் இராமல், பெயர் எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கப்படுதல் அவசியம்.

ஆட்டுப்பால் நெடி

ஆட்டுப்பால் நெடியுடையது என்று பலர் அதை வெறுப்பர். இந்நெடி முழுதும் ஆட்டின் குற்றமன்று. பாலின் கொழுப்பு நுண்ணிய உருண்டைகளாக ஒரு மெல்லிய உறைக்குள் அடங்கியுள்ளது. குழாயில் காற்றுக் கசிவு இருந்து பால் நுரைத்துக் குலுங்கினால் அவ்வுறை கிழியும். உள்ளிருக்கும் கொழுப்பை நொதிகள் சிதைத்துக் கொழுப்பமிலங்களை விடுவிக்கும். காப்ராயிக், காப்ரிலிக், காப்ரிக் என்பன அவற்றின் பெயர்கள். ஆட்டைக் குறிக்கும் காப்ரா என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தவை அவை. எனவே குழாய் குறுகியதாகவும், இணைப்புகள் காற்றுப் புகாதனவாகவும், பால் விரைவில் குளிர்விக்கப்படுவதாகவும் இருப்பின் நெடி பெரிதும் குறையும். நுரை பொங்கக் கறத்தலே திறமை என்ற எண்ணத்தை இங்கு கைவிடல் நலம்.

எத்துணைத் துப்புரவாகக் கறந்தாலும் போக்க முடியாத ஆபத்து ஒன்றுண்டு. 1887-இல் டேவிட் புரூஸ் மால்டாத் தீவில் ஒருவகைக் காய்ச்சலின் கிருமியைக் கண்டறிந்தார். அது எவ்வழி பரவுகிறது என்பது 1905-இல் தெமிஸ்டாக்ளிஸ் ஜம்மிட் ஆடுகளைச் சோதிக்கும்வரை விளங்கவில்லை. நோயறிகுறி சற்றும் காட்டாத ஆடுகளின் பாலிலேயே கிருமி இருந்தது. மறு ஆண்டில் படைவீரருக்குப் பச்சை ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டதும் காய்ச்சல் பெரிதும் அடங்கிவிட்டது. புருசெல்லோசிஸ் எனப்படும் அந்நோய் இந்தியாவிலும் உண்டு. பாலைக் காய்ச்சினால் கிருமி மடியும். 63 டிகிரியில் அரைமணி வைத்திருப்பினும் போதும். காய்ச்சாத ஆட்டுப்பாலைக் காய்ச்சல்களுக்கு மருந்தாகப் புகட்டும் வழக்கத்தைக் களப்பணியாளர் தடுத்தல் வேண்டும். குறை மாதத்தில் குட்டி விழுந்த ஆட்டைச் சோதிப்பதற்குக் கால்நடை மருத்துவமனையை அணுகலாம். திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இயங்கி வருகிறது.

இறுதியாக உள்ளுறையைப் பற்றி ஒரு குறிப்பு. ரப்பர் கொழுப்பை உறிஞ்சி ஊதும். பின் நுண்வெடிப்புகள் தோன்றும். விரலை உள்ளே விட்டுத் தடவும்போது பிசுபிசுப்போ சொரசொரப்போ தென்பட்டால் அதன் ஆயுள் முடிந்தது. பார்வைக்கு நன்றாயிருப்பினும் ரப்பர் உறைக்கு 2500 கறவை என்பது பொதுவாகக் கொள்ளப்படும் எல்லை. ஒரே கிண்ணத் தொகுதியால் பத்து ஆடுகளை இருவேளையும் கறப்பவருக்கு நாளொன்றுக்கு இருபது கறவை. 125 நாட்களில், ஏறத்தாழ நான்கு மாதத்தில், உறையை மாற்ற வேண்டி வரும். ஆடுகள் அதிகமானால் காலம் அதற்கேற்பக் குறையும். மாற்றிய தேதியைத் தொழுவச் சுவரில் சுண்ணாம்பால் எழுதி வைத்தால் வீட்டார் எவரும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.